லோ மாவட்டத்துல ஃப்ரெண்டோட பண்ணை வீட்டுக்கு ஒரு வாரம்: போய் இறங்கறதுக்கு முன்னாடி

கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சென்னைல உங்ககூட வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் இப்ப ஊருக்கே திரும்பிட்டார், தென்மேற்கு பிரான்ஸ்ல லோ மாவட்டத்துல குர்தோன், சூயாக்னு ரெண்டு சின்ன ஊருக்கு நடுவுல தாத்தா காலத்து பண்ணை வீட்ல குடும்பத்தோட இருக்கார், ஆகஸ்ட்ல ஒரு வாரம் வந்து தங்குங்கன்னு கூப்பிடறார், நீங்க, வீட்டுக்காரம்மா, எட்டு வயசுப் பொண்ணு, மூணு பேரும் சைவம். பாரிஸ்ல இருந்து எப்படிப் போறது, என்ன கொண்டு போறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "ஒண்ணும் வேணாம் வந்தா போதும்னு சொல்றாங்க, நம்பலாமா"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் நிஜக் கேள்வின்னு எனக்குப் படுது. போய் அவங்களுக்குப் பாரமா இருந்துடுவோமோன்னு ஒரு தயக்கம். தாராளமா நம்புங்க, இங்க ஒப்புக்கு ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாங்களே தவிர ஒரு வாரம் தங்கச் சொல்லி ஒப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. ஆனா விருந்தாளிய உக்கார வெச்சுப் பரிமாறற வழக்கமும் இங்க கிடையாது. வந்த ரெண்டாவது நாளே நீங்க அந்த வீட்டு ஆள், தட்டு கழுவறதுல இருந்து பீன்ஸ் நறுக்கறது வரைக்கும். அதனால என்ன கொண்டு போறதுங்கறத விட அந்த வீடு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுட்டுப் போறதுதான் முக்கியம்.

நான் யாருன்னு சொல்லிடறேன். பூர்வீகம் பாண்டிச்சேரி, ரொம்ப வருஷமா பிரீவ் பக்கம் எலெக்ட்ரீஷியன். அதாவது உங்க ஃப்ரெண்டு வீட்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள. என் பிழைப்புல பாதி இந்த மாதிரி பழைய கல் வீடுங்கதான், ஆகஸ்ட்ல வர்ற போன்ல முக்கால்வாசி "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க, கரண்ட் போயிடுச்சு"தான். அதனால வீடு, ரோடு, சாப்பாட்டு மேஜை இதைப் பத்தி நான் சொல்றத நம்பி எடுத்துக்கலாம். விசா விஷயம் எங்க சொந்தக்காரங்க வந்து போனதுல தெரிஞ்சது, அதுக்கு நீங்க அப்ளை பண்ற அன்னிக்கு தூதரகம் போட்டிருக்கற லிஸ்ட்தான் கடைசி வார்த்தை.

விசாவையே முதல்ல முடிச்சுடுவோம், ஏன்னா டைம் பிடிக்கற வேலை இது ஒண்ணுதான். ஹோட்டல்ல தங்காம தனி வீட்ல தங்கறீங்கன்னா "இவங்கள நான் என் வீட்ல தங்க வைக்கறேன்"னு உங்க ஃப்ரெண்டு அவர் ஊர் மேரியில, அதாவது ஊராட்சி ஆபீஸ்ல, ஒரு சான்றிதழ் வாங்கித் தரணும். அத்தெஸ்தாசியோன் தகேய்னு பேர். அவரே நேர்ல போகணும், வீட்டுப் பத்திரம், வீடு எத்தனை சதுர மீட்டர், எத்தனை ரூம், உங்க பாஸ்போர்ட் விவரம் எல்லாம் கேப்பாங்க, அதுக்குன்னு ஒரு கட்டணமும் உண்டு. அதோட ஒரிஜினல் உங்க கைக்கு வரணும், விசாவுக்கும் காட்டணும், பாரிஸ் ஏர்போர்ட்ல இமிக்ரேஷன்ல கேட்டாலும் காட்டணும். சிக்கல் எங்கன்னா, சின்ன ஊர் மேரி வாரத்துல ரெண்டு மூணு அரை நாள்தான் திறந்திருக்கும், அங்க இருக்கற ஒரே அம்மா லீவுல போயிட்டா அவ்வளவுதான். பேப்பர் கைக்கு வரவே ஒரு மாசம் ஆகலாம், அப்புறம் அது தபால்ல சென்னைக்கு வரணும், அப்புறம்தான் விசா. அதனால ஏப்ரல்லயே ஃப்ரெண்டுகிட்ட சொல்லிடுங்க. இதைக் கேக்கறதுக்குக் கூச்சப்படறவங்கள நிறைய பாத்திருக்கேன். கூச்சமே வேணாம், வெளிநாட்டு ஆள் யார் வந்தாலும் இது செய்யணும்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும். பாரிஸ்ல ரெண்டு நாள் ஹோட்டல்னா அந்த புக்கிங்கையும் சேத்து வைங்க. 30,000 யூரோ கவர் பண்ற டிராவல் இன்சூரன்ஸ் எப்படியும் வேணும்.

ரூட்டுக்கு வருவோம். பாரிஸ்ல ஒஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்ல இருந்து லிமோஜ், பிரீவ், கவோர் வழியா துலூஸ் போற லைன்தான் உங்களுக்கு. இதுல டிஜிவி, அதாவது அதிவேக ட்ரெயின், கிடையாது, ஆன்தெர்சிதேன்னு பழைய மாதிரி ட்ரெயின், பிரீவுக்கே நாலரை மணி நேரம் கிட்ட ஆகும், ட்ராக் வேலை நடக்கறப்ப இன்னும் கூட. சூயாக், குர்தோன் ரெண்டுலயும் ஸ்டேஷன் இருக்கு ஆனா எல்லா வண்டியும் நிக்காது, டிக்கெட் போடறப்ப பாத்துக்கங்க. வேகமா போகும்னு நினைச்சு துலூஸுக்கு டிஜிவில போய் மறுபடி வடக்கே ஏறி வர்றவங்க உண்டு, அது வேஸ்ட். ஸ்டேஷனுக்கு ஃப்ரெண்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்வார், சரின்னு சொல்லிட்டீங்கன்னா வந்து சேர்றது சுலபம், ஆனா அப்புறம் ஒரு வாரமும் அவர் காரை நம்பித்தான் இருக்கணும். அந்தப் பக்கம் பஸ்ங்கறது ஸ்கூல் பசங்களுக்காக ஓடறதுதான் பெரும்பாலும், ஆகஸ்ட்ல ஸ்கூலும் கிடையாது. ரொட்டி வாங்கணும்னாக்கூட அஞ்சாறு கிலோமீட்டர். அதனால பிரீவ்ல இறங்கி அங்கயே கார் வாடகைக்கு எடுங்கன்னு சொல்வேன். உங்க இந்திய லைசென்ஸோட ஆர்டிஓல ஒரு இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கங்க. ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே புக் பண்ணணும், இங்க கியர் வண்டிதான் வழக்கம். சின்ன ஊர் வாடகைக் கடைங்க மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் பூட்டிடுவாங்க, ஞாயித்துக்கிழமை சுத்தமா கிடையாது, நீங்க இறங்கற நேரம் அதுல மாட்டக்கூடாது. இன்னொண்ணு, ஜூலை கடைசி ஆகஸ்ட் ஆரம்பம் சனிக்கிழமைல கார்ல நீண்ட தூரம் போகாதீங்க, பாதி நாடு லீவு முடிஞ்சு திரும்பும் மீதி பாதி லீவுக்குக் கிளம்பும், பிசோன் ஃபுதேன்னு அரசாங்கமே நடத்தற ட்ராஃபிக் கேலண்டர் இருக்கு, அதுல சிவப்பு கறுப்புன்னு போட்டிருக்கற நாள் ரோட்டுல இறங்காம இருக்கறது நல்லது.

பாரிஸ்ல இருந்தே கார்ல வர்றதா இருந்தா கடைசி பாதி நல்லா இருக்கும், ஏ20 வியெர்சோன்ல இருந்து பிரீவ் வரைக்கும் டோல் கிடையாது. வலது பக்கம் ஓட்டறது ஒரு மணி நேரத்துல பழகிடும். பழகாதது என்னன்னா, கிராமத்துக்குள்ள போர்டு ஒண்ணும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்றவருக்குத்தான் வழி, அது ஒரு டிராக்டர் வர்ற சின்னச் சந்துன்னாலும் நீங்கதான் நிக்கணும். போர்டு இல்லாத ரெண்டு வழி ரோட்டுல 2018 ஜூலைல இருந்து ஸ்பீடு 80, சில மாவட்டத்துல சில ரோட்டை மறுபடி 90 ஆக்கியிருக்காங்க. சிவப்பு பார்டர் போட்ட ஊர் பேர் போர்டைத் தாண்டின உடனே 50, தனியா 50ன்னு எழுதி இருக்காது, ஊர் பேரே போதும். அந்த போர்டு தலைகீழா தொங்குதேன்னு பயப்படாதீங்க, 2023 கடைசில தார்ன் மாவட்டத்து இளம் விவசாயிங்க போராட்டமா ஆரம்பிச்சு நாடு பூரா பரவினது, சில இடத்துல இன்னும் திருப்பி மாட்டல.

இப்ப அட்ரஸ். உங்க ஃப்ரெண்டு அனுப்பின அட்ரஸ்ல 1240ன்னு நம்பர் பாத்துட்டு அவ்வளவு வீடு இருக்கற தெருவான்னு கேட்டிருந்தீங்க. அந்த ரோட்டுல மொத்தமே நாலு வீடு இருக்கும். முன்னெல்லாம் கிராமத்துல குக்கிராமத்துப் பேர், அஞ்சல் கோடு, அவ்வளவுதான் அட்ரஸ். 2022ல வந்த ஒரு சட்டம் சின்ன ஊருங்களும் எல்லா ரோட்டுக்கும் பேர், எல்லா வீட்டுக்கும் நம்பர் வைக்கணும்னு சொல்லிடுச்சு, ஆம்புலன்ஸ் வழி தேடக் கூடாதுங்கறது ஒரு காரணம், இன்டர்நெட் கேபிள் இன்னொண்ணு. கிராமத்துல பெரும்பாலும் மீட்டர் கணக்குலதான் நம்பர் வைக்கறாங்க. 1240ன்னா அந்தப் பாதை ஆரம்பிக்கற இடத்துல இருந்து 1240 மீட்டர் தள்ளி வாசல். திரும்பின இடத்துல கார் மீட்டரைப் பாத்துட்டு ஒண்ணேகால் கிலோமீட்டர் போனா வீடு வந்தாகணும். மேப் தப்பா காட்டினாலும் இது கைகொடுக்கும், நான் பாதி வீட்டை இப்படித்தான் கண்டுபிடிக்கறேன். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைங்க, பள்ளத்துல இறங்கினா சிக்னல் இருக்காது.

வெளிச்சத்துல போய்ச் சேருங்க. ஆகஸ்ட் ஆரம்பத்துல அங்க ஒன்பது மணிக்கு மேலதான் சூரியன் மறையுது, அதனால இது கஷ்டமே இல்ல. தெரு விளக்கு கிடையாது, இருக்கற ஊர்லயும் ராத்திரி அணைச்சுடறாங்க. என் கணக்குல சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறரைக்குள்ள போறது சரி. மதியம் 12ல இருந்து 2 சாப்பாட்டு நேரம், அப்ப சொல்லாமப் போய் நிக்கறது தப்பு. சாயங்காலம் ஏழரைக்கு மேல போனா அவங்க சமையல்ல இருப்பாங்க, வீடு சுத்திக் காட்ட நேரம் இருக்காது. அஞ்சு மணின்னு சொல்லிட்டு அஞ்சேகாலுக்குப் போங்க, நாலரைக்குப் போயிடாதீங்க, முன்னாடியே போறதுதான் இங்க சங்கடம், அந்த நேரத்துல அவங்க மெத்தை விரிப்பு மாத்திட்டு இருப்பாங்க. லேட் ஆகும்னா ஒரு மெசேஜ் போட்டா போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

போய் இறங்கின உடனே என்ன நடக்கும்னு சொல்றேன். முதல்ல நாய் வரும். அப்புறம் எல்லாரும் வெளிய வருவாங்க, கன்னத்தோட கன்னம் வெச்சு முத்தம் குடுக்கற வழக்கம் இருக்கு, எத்தனைங்கறது ஊருக்கு ஊர் மாறும், உங்களுக்கு வேணாம்னா முந்திக்கிட்டு கைய நீட்டிடுங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. பொண்ணுகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க. கேர்சின்னு சொல்ற இந்தப் பக்கத்துப் பழைய வீட்ல கீழ்தளம் ஒயினும் ஆடுமாடும் இருந்த இடம், மனுஷங்க மேல. வெளிப்பக்கமா கல் படி ஏறினா மேல கூரை போட்ட ஒரு திண்ணை, அதை போலேன்னு சொல்வாங்க, அங்கதான் வாசக்கதவு. ஆகஸ்ட் சாயங்காலம் பூரா அந்த போலேலதான் ஓடும், நாற்காலி போட்டு ஏதாவது குடிக்கக் குடுப்பாங்க. உக்காந்த உடனே பையைத் திறந்து பரிசை எடுத்து அடுக்க வேணாம். தண்ணி குடிச்சுட்டு, "வீட்டைக் காட்டுங்களேன்"னு நீங்களே கேளுங்க. கேக்கற விருந்தாளிய இவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கூரைய மாத்தினது, சுவரை இடிச்சது, தாத்தாவோட ரொட்டி அடுப்புன்னு சொல்றதுக்கு நிறைய வெச்சிருப்பாங்க. உங்களுக்கும் அந்த அரை மணி நேரத்துல எந்த ஸ்விட்ச் எதுக்கு, எந்தக் கதவைச் சாத்தி வைக்கணும், எந்தக் குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எல்லாம் தெரிஞ்சுடும். வீட்டுக்குள்ள வர்றது ஊர்த் தண்ணி, குடிக்கலாம். தோட்டத்துக் குழாய் மழைத்தண்ணித் தொட்டில இருந்து வர்றதா இருக்கலாம், அதைப் பொண்ணு குடிச்சுடாம பாத்துக்கங்க.

பரிசுக்கு ரொம்ப யோசிக்காதீங்க. சென்னைல வருஷக்கணக்கா இருந்த மனுஷன், நல்ல காபித்தூள் கால் கிலோ, ஒரு ஃபில்டர், ரெண்டு டபரா செட் கொண்டு போங்க, ஆள் அழுதுடுவார். முறுக்கு, கடலை மிட்டாய் ஓகே. ஆனா கஸ்டம்ஸ் விதி ஒண்ணு இருக்கு, ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து பாலும் பால்ல செஞ்சதும் இறைச்சியும் பயணிங்க கொண்டு வரக்கூடாது. நெய் கண்டிப்பா கூடாது. பால்கோவாவுக்கு ஒரு ஆபீசர் விட்டுடுவார் இன்னொருத்தர் தூக்கிப் போட்டுடுவார், அதுல நான் உத்தரவாதம் தர மாட்டேன். பழம் காய்கறில அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை இந்த அஞ்சுக்கு மட்டும் சர்டிஃபிகேட் வேணாம், மாம்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் அந்தச் சலுகை இல்ல. கறிவேப்பிலை இல்லாம முடியாதுன்னா பாரிஸ்ல லா ஷபேல் பக்கம் நம்ம ஈழத் தமிழர் கடைங்க இருக்கு, அங்க வாங்கிட்டு ட்ரெயின் ஏறுங்க. பூ வாங்கறதா இருந்தா செவ்வந்தி மட்டும் வேணாம், அது இங்க கல்லறைக்கு வைக்கற பூ.

சாப்பாடுதான் உங்க விஷயத்துல கவனமா இருக்க வேண்டிய இடம், இதுல கொஞ்சம் நீட்டிப் பேசறேன். நீங்க போறது வாத்து நாடு. கறியா சாப்பிடறது மட்டும் இல்ல, வாத்துக் கொழுப்புதான் இங்க சமையல் எண்ணெய் மாதிரி. சர்லா உருளைக்கிழங்குன்னு பூண்டு, பார்ஸ்லி போட்டு வறுத்து ஒரு தட்டு வரும், பாக்கறதுக்கு சுத்த சைவம், வறுத்தது வாத்துக் கொழுப்புல. துரான்னு பூண்டு சூப், அதுவும் பழைய முறைல அப்படித்தான். சாலட்ல பொடியா நறுக்கின பன்னிக்கறி தூவியிருக்கும், அதைக் கறின்னே யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. உங்க ஃப்ரெண்டுக்கு சென்னை சைவம்னா என்னன்னு தெரியும், அவரோட அம்மாவோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ ஒரு நாள் சமைச்சா தெரியாது. அதனால பொதுவா சைவம்னு நிறுத்தாம "கறி, மீன், வாத்துக் கொழுப்பு, கறி வேகவெச்ச தண்ணி இது நாலும் சாப்பிட மாட்டோம், பால், வெண்ணெய், சீஸ் சாப்பிடுவோம்"னு இப்பவே எழுதி அனுப்பிடுங்க, முட்டை உண்டா இல்லையான்னும் சேத்து. இங்க வந்து மேஜைல உக்காந்து வேணாம்னு சொல்றதுதான் அவங்களுக்கு வருத்தம், முன்னாடியே சொன்னா அவங்களுக்கு அது ஒரு சவால், சந்தோஷமா செய்வாங்க. சீஸ்ல ஒரு நுணுக்கம், பாரம்பரிய சீஸ்ல பெரும்பாலும் பாலை உறைய வைக்கறது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த ரென்னட். அதைப் பாக்கறதும் பாக்காததும் உங்க வீட்டு முடிவு. பாக்கலைன்னா ரொகமடூர் ஆட்டுப்பால் சீஸை விட்டுடாதீங்க, உள்ளங்கைல பாதிகூட இருக்காது, சின்ன வட்டம், அந்த ஊர் வால்நட்டோட சாப்பிட்டா வேற எதுவும் வேணாம்.

ராத்திரிச் சாப்பாடு எட்டு எட்டரைக்குத்தான், உக்காந்தா எந்திரிக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். குழந்தைக்கு நாலு நாலரைக்கு ஏதாவது தின்னக் குடுக்கறது இங்க எல்லா வீட்லயும் வழக்கம், அப்ப கொஞ்சம் கெட்டியா குடுத்துடுங்க, இல்லன்னா ஏழு மணிக்கே பசில அழும். ஒரு ராத்திரி சமையல் எங்களுதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம் கொண்டு போனா போதும், அரிசி பருப்பு எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் இருக்கு. இட்லி மாவு முயற்சி எல்லாம் வேணாம். லெமன் சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், தக்காளி ரசம், இதுக்கு மேல போகாதீங்க, காரம் நாலுல ஒரு பங்கு. ரசத்தை அவங்க முதல் கோர்ஸ் சூப்பா குடிச்சுடுவாங்க, தடுக்காதீங்க.

இப்ப என் ஏரியா. முதல்ல பாத்ரூம். நம்ம பாத்ரூம்ல தரைல தண்ணி ஊத்தினா ஓடறதுக்கு ஓட்டை இருக்கும். இங்க கிடையாது. ஷவருக்கு உள்ளதான் தண்ணி, வெளிய தரை காய்ஞ்சே இருக்கணும். அதுவும் பண்ணை வீட்டு மேல்தளத்துல அந்த டைல்ஸுக்கு அடியில நூறு இருநூறு வருஷத்து மரப்பலகை, அதுக்குக் கீழ இன்னொரு ரூமோட சீலிங், அதுல லைட் வயர். ஒரு பக்கெட் தண்ணி தரைல போனா கீழ சமையலறைல விளக்கு மினுக்க ஆரம்பிக்கும், அப்புறம் ட்ரிப் ஆகும், அப்புறம் எனக்கு போன் வரும். போய்ப் பாத்தா சீலிங்ல தட்டு சைஸ்ல ஒரு பழுப்பு வட்டம், நடுவுல சொட்டு. அதனால குளிக்கறப்ப திரைய ஷவர் தொட்டிக்கு உள்பக்கமா விட்டுக்கங்க. டாய்லெட்ல கை ஷவர் இருக்காது, ஒரு சின்ன பாட்டிலோ மக்கோ கொண்டு போங்க, தரைல சிந்தாம பாத்துக்கங்க. ஊர்க் கழிவுக் குழாய் வராத இடம், தோட்டத்துக்கு அடியில செப்டிக் டேங்க்தான் இருக்கும், அதுல தண்ணியும் டாய்லெட் பேப்பரும் மட்டும்தான் போகலாம். ஈர டிஷ்யூ பாக்கெட் மேல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் போடாதீங்க, நாப்கின் கண்டிப்பா கூடாது. எண்ணெய், பிளீச்சிங் எல்லாம் அள்ளி ஊத்தினா டேங்க்ல வேலை செய்யற பாக்டீரியா செத்துடும்.

சுடுதண்ணி இன்னொரு கதை. பெரும்பாலும் 200 லிட்டர் டேங்க் ஒண்ணு, கரண்ட் ரேட் கம்மியா இருக்கற நேரத்துல மட்டும் சூடாகும், வழக்கமா ராத்திரி. அஞ்சாறு மணி நேரம் எடுத்து நிரம்பச் சூடானது அன்னிக்குப் பூரா எல்லாருக்கும் அவ்வளவுதான். அவங்க நாலு பேர், நீங்க மூணு பேர், ஆளுக்கு பத்து நிமிஷம் ஷவர்ல நின்னா கடைசி ரெண்டு பேருக்கு பச்சைத் தண்ணி. நம்ம பக்கெட் குளியல்தான் இந்த டேங்குக்கு ஏத்தது, என்ன பண்றது, பக்கெட்டும் இல்ல தரையும் இல்ல. யார் எப்ப குளிக்கறதுன்னு கேட்டு வெச்சுக்கங்க, காலைல மூணு பேர், ராத்திரி மீதின்னு பிரிச்சுக்கிட்டா சரியா வரும்.

கரண்ட்ல வோல்டேஜ் நம்ம ஊர்ல இருக்கறதேதான், 230, ஆனா நம்ம மூணு முனை பிளக் இங்க சொருகாது, அடாப்டர் வேணும். போன் சார்ஜரோட ரெண்டு முனை பிளக் பெரும்பாலும் போயிடும். முக்கியமானது என்னன்னா ஒவ்வொரு வீடும் ஒரே நேரத்துல இவ்வளவுதான் இழுக்கலாம்னு கான்ட்ராக்ட் போட்டிருக்கும், பழைய வீடுன்னா பெரும்பாலும் 6 இல்லன்னா 9 கேவிஏ, கிலோவாட் மாதிரின்னு வெச்சுக்கங்க. ஓவன் ரெண்டரை கிலோவாட், கெட்டில் ரெண்டு, வாஷிங் மெஷின் தண்ணி சூடாக்கறப்ப ரெண்டு, கூட்டிப் பாருங்க. 6 கேவிஏ வீட்ல இந்த மூணையும் ஒண்ணா போட்டா மீட்டரே அணைஞ்சுடும். இது ஆபத்து இல்ல, ஒண்ணை அணைச்சுட்டு மறுபடி போட்டா வந்துடும், ஆனா இருட்டுல ஆகும். வேற மாதிரி ட்ரிப்பும் இருக்கு, ஏதோ ஒரு பொருள்ல கரண்ட் கசிஞ்சு பாதுகாப்பு பிரேக்கர் விழறது. நீங்க எதையோ சொருகின உடனே விழுந்துச்சுன்னா அதைக் கழட்டிட்டு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, திரும்பத் திரும்ப மேல தள்ளாதீங்க. ஆகஸ்ட்ல சாயங்காலம் இடி மழை வரும், அப்ப அவர் ஓடிப்போய் இன்டர்நெட் பாக்ஸோட வயரை உருவுவார், பாத்துட்டு நீங்களும் லேப்டாப் சார்ஜரை உருவிடுங்க. இங்க லைன் எல்லாம் வெளிய கம்பத்துலதான் வருது.

வெயில் 35க்கு மேல போற நாள் உண்டு, ஏசி இருக்காது. ஆனா கல் சுவர் அரை மீட்டருக்கு மேல தடிமன், அதை சரியா பயன்படுத்தினா ஏசி வேணாம். காலைல பத்து மணிக்கு முன்னாடி மரக்கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திடுவாங்க, வீடு பகல் பூரா அரை இருட்டுல இருக்கும், சூரியன் இறங்கினதும் எல்லாத்தையும் திறப்பாங்க. புழுக்கமா இருக்குன்னு மத்தியானம் நீங்க ஜன்னலைத் திறந்துடாதீங்க, அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அந்த சூடு போகாது. ஜன்னல்ல கொசுவலை இருக்காது, க்ரீம் கொண்டு போங்க. ராத்திரி தலைக்கு மேல பரண்ல யாரோ பாத்திரம் உருட்டற மாதிரி சத்தம் கேட்டா அது லுவார், அணில் மாதிரி வால் வெச்ச சின்ன பிராணி, ராத்திரி பூரா வால்நட் உருட்டும். ஒண்ணும் பண்ணாது. என் வயரைக் கடிக்கறதத் தவிர.

பொண்ணு விஷயத்துல மூணு. நீச்சல் குளம் இருந்தா சட்டப்படி வேலியோ மூடியோ அலாரமோ ஏதாவது ஒண்ணு இருந்தாகணும், 2003ல வந்த சட்டம், ஆனா வேலிக் கதவு சாத்தியிருக்கான்னு நீங்களே பாருங்க, பெரியவங்க இல்லாம தண்ணிப் பக்கம் போகக்கூடாதுன்னு முதல் நாளே கறாரா சொல்லிடுங்க. மாட்டு வேலில மெல்லிசா வெள்ளை நாடா மாதிரி ஓடறது கரண்ட் கம்பி, உயிருக்கு ஒண்ணும் ஆகாது, அலறல் மட்டும் நிச்சயம். மூணாவது உண்ணி. புல்லுல விளையாடிட்டு வந்தா முட்டிக்குப் பின்னாடி, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. ஒட்டியிருந்தா எண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேணாம், மருந்துக் கடைல சின்னக் கொக்கி மாதிரி பிளாஸ்டிக்ல விக்கறாங்க, அதை அடியில விட்டு சுத்தி எடுக்கணும். அப்புறம் சில வாரத்துக்குள்ள அந்த இடத்துல சிவப்பு வட்டம் பெருசா பரவினா டாக்டர்கிட்ட போயிடுங்க, நீங்க சென்னைக்குத் திரும்பிட்டாலும் சரி, பிரான்ஸ்ல உண்ணி கடிச்சதுன்னு சொல்லணும். அவசரம்னா போன் 112, ஆம்புலன்ஸுக்கு 15.

ஒரு வாரமும் அவங்களோடயே ஒட்டிட்டு இருக்கணும்னு இல்ல, ரெண்டு நாளாவது நீங்க மட்டும் காலைல கிளம்பி சாயங்காலம் வாங்க, அவங்களுக்கும் மூச்சு விட நேரம் வேணும். பாறைச் சரிவுல கட்டின ரொகமடூர் ஊர் பக்கம்தான். பதிராக் குகை பொண்ணுக்குப் பிடிக்கும், நூறு மீட்டர் கீழ இறங்கி நிலத்தடி ஆத்துல படகு, உள்ள 13 டிகிரிதான் ஸ்வெட்டர் வேணும், ஆகஸ்ட்ல டிக்கெட் ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடுங்க. ஆதிமனுஷங்க வரைஞ்ச ஓவியம் இருக்கற லாஸ்கோ குகைக்குப் போனா நீங்க பாக்கறது பக்கத்துல கட்டின நகல், ஒரிஜினல் குகைய 1963லயே பொதுமக்களுக்கு மூடிட்டாங்க, நகலும் பாக்கலாம். என்னைக் கேட்டா பெஷ் மேர்ல் குகைக்குப் போகச் சொல்வேன், அங்க நிஜ ஓவியத்தையே இன்னும் காட்டறாங்க, ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான்னு கணக்கு இருக்கு. சர்லாவுலயும் கவோர்லயும் புதன், சனி சந்தை. அங்க போற அன்னிக்கு தக்காளி, மெலன், ரொட்டின்னு ஒரு கூடை நிரப்பிட்டு வந்து சமையலறைல வைங்க. காசா குடுக்கறேன்னு சொன்னா ஏத்துக்க மாட்டாங்க, கூடைய யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அதோட நடுவுல ஒரு தடவ சூப்பர் மார்க்கெட் பில்லை நீங்க கட்டிடுங்க. சாப்பிட்டு முடிச்ச உடனே தட்டு எடுக்க எந்திரிங்க, உக்காருங்கன்னு ஒரு தடவ சொல்வாங்க, அது மரியாதைக்கு, எடுத்துட்டே போங்க.

மெத்தை விரிப்பு, துண்டு எல்லாம் அவங்க வீட்லயே இருக்கும், ஆனாலும் கேட்டுக்கங்க. கிளம்பற அன்னிக்கு விரிப்பை எல்லாம் உருவி மெத்தை மேல மடிச்சு வெச்சுட்டு வாங்க. வாஷிங் மெஷின்ல நீங்களே போட்டு ஓட விடாதீங்க, ரேட் கம்மியான நேரத்துக்கு அவங்க டைமர் வெச்சுப்பாங்க. ஃப்ரெண்டுக்கு சாப்பாட்டு விஷயம் எழுதறப்ப அப்படியே வீட்டு கனெக்‌ஷன் எத்தனை கேவிஏ, அடுப்பு கரண்டா கேஸான்னு ரெண்டு வரி சேத்துக் கேட்டு இங்கயே போடுங்க, உங்க வீட்டுக்காரம்மா கொண்டு வரணும்னு சொல்ற மிக்ஸிய எதோட சேத்து ஓட்டலாம் எதோட கூடாதுன்னு சொல்றேன்.